இரும்பு வடத்தில் கொக்கி மாட்டிவிட்டால் போதுமா?

இத்தாலிய மொழியில் ‘வியா ஃபெராட்டா’ என்றால் இரும்புப் பாதை. செங்குத்துப் பாறையில் எஃகு வடத்தை இழுத்துக் கட்டி, சில மீட்டருக்கு ஒரு முளை அடித்து, கால் வைக்க இரும்புப் படிகளும் ஏணிகளும் பொருத்திய வழி. முதல் உலகப் போரில் இத்தாலியப் படையும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையும் டோலமைட் மலைகளில் அமைத்த ஏணிகளும் சுரங்கங்களும் இன்றைய வழிகள் பலவற்றுக்கு அடிப்படை. பாறை ஏறத் தெரியாதவரும் இங்கே உச்சி வரை போகலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

“வடத்தில்தான் மாட்டியிருக்கிறோமே, விழுந்தால் என்ன?” என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வடம் செங்குத்தாகப் போகிறது. முளைகளுக்கு இடையே 4 மீட்டர். மேல் முளையை எட்டும் நேரத்தில் கை நழுவுகிறது. வடத்தில் மாட்டிய காரபினர் (பூட்டும் கொக்கி) எங்கும் பிடிக்காமல் வடத்தோடு சறுக்கிக் கீழ் முளை வரை வரும். அதன் பிறகு உங்களைக் காரபினரோடு இணைக்கும் பட்டையின் நீளம் இன்னொரு மீட்டர். ஆக 5 மீட்டர் வீழ்ச்சியை 1 மீட்டர் பட்டை தாங்க வேண்டும், விகிதம் 5. கயிறு கட்டி ஏறும் சாதாரணப் பாறை ஏற்றத்தில், மிக மோசமான வீழ்ச்சியிலும் இந்த விகிதம் 2-ஐத் தாண்டாது. வெறும் நாடாவைக் கட்டிக்கொண்டு ஃபெராட்டாவில் விழுந்தால் நாடா அறும், இல்லையேல் காரபினர் உடையும். இரண்டும் தாங்கினால் அந்த அதிர்ச்சி முழுவதும் உடம்பில் இறங்கும்.

இதற்காகத்தான் ஃபெராட்டா செட்டில், அதாவது இடுப்பு வாரான ஹார்னஸில் கட்டிக்கொண்டு இரண்டு நாடாக் கைகளின் நுனிக் காரபினர்களை வடத்தில் மாட்டும் கருவியில், அதிர்ச்சி தாங்கி இருக்கிறது. சின்னப் பைக்குள் மடித்துத் தைத்த பட்டை அது. விழும்போது தையல் வரிசையாகப் பிரிந்து வேகத்தைக் கரைக்கும். பிரியும் பட்டை ஒரு மீட்டருக்கு மேலும் நீளலாம் என்பதால் அவ்வளவு தூரம் கூடுதலாகக் கீழே போவீர்கள். வழியில் படியோ பாறைத் திட்டோ இருந்தால் கால் முறியும். செட் உயிரைக் காக்கலாம், எலும்புக்கு உத்தரவாதம் கிடையாது. இங்கே விழவே கூடாது.

இந்த செட்டுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 958. 2017-இல் திருத்தப்பட்ட பதிப்பு 40 கிலோ முதல் 120 கிலோ வரை உள்ளவர்களுக்கு. 40 என்பது உடல் எடை மட்டும். 120 என்பது பை, உடை எல்லாம் சேர்த்து. 40 கிலோவைவிட இலேசான குழந்தை விழுந்தால் தையல் சரியாகப் பிரியாது, அடி பலமாக விழும். அவர்களை மேலிருந்து தனிக் கயிற்றில் கட்டித்தான் ஏற்ற வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போது நிறம் பார்க்காதீர்கள், சீட்டைப் பாருங்கள்: தர எண், தயாரித்த ஆண்டு. தையல் கொஞ்சம் பிரிந்திருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். பழைய செட் என்றால் இன்னும் கவனம் தேவை. 2012-இல் ஆஸ்திரியாவின் டிரோலில் நீளும் நாடாக் கைகள் இரண்டுமே அறுந்து ஒருவர் இறந்த பிறகு, பல நிறுவனங்கள் தங்கள் செட்டுகளைத் திரும்பப் பெற்றன.

கருவி சரியாக இருந்தும் பயன்படுத்துவதில் கோட்டை விடுபவர்கள் உண்டு. முளை வந்ததும் ஒரு காரபினரைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டு முளைகளுக்கு இடையே ஒரே ஆள். மேலே இருப்பவர் சறுக்கினால் நேராகக் கீழே இருப்பவர் தலையில்தான் வருவார். ஓய்வெடுக்க மூன்றாவதாக ஒரு குட்டை நாடா வைத்திருப்பது நல்லது. ஆனால் அதை மாட்டியபடியே ஏறினால் அதிர்ச்சி தாங்கிக்கு வேலையே இல்லாமல் போகும். சும்மா இருக்கும் நாடாக் கையை ஹார்னஸின் பலமான வளையத்தில் மாட்டி வைப்பதும் அதே தவறுதான்.

மீட்புக் குழுவை அழைப்பவர்களில் பெரும்பங்கினர் காயம்பட்டவர்கள் அல்லர். கை சோர்ந்து, மேலேயும் கீழேயும் போக முடியாமல் நின்றுவிட்டவர்கள். வழிகளை ஏ முதல் ஈ வரை தரம் பிரித்திருக்கிறார்கள். முதல் முறை வருபவருக்கு ஏ, பி போதும். டோலமைட்டின் செல்லா மலைத்தொகுதியில், கார்டேனா கணவாய்க்குக் கீழே தொடங்கும் ‘பிரிகாட்டா ட்ரிடென்டினா’ நடுத்தர வழி, கூட்டமும் அதிகம். கடைசிச் செங்குத்துக் கோபுரத்துக்கு முன்பே வடத்தை விட்டு விலகி நடந்து, 2585 மீட்டரில் உள்ள பிஷ்ஷாது மலைக்குடிலை அடையலாம். கை நடுங்கினால் அங்கே விலகிவிடுங்கள். அதற்குப் பிறகு திரும்பி இறங்குவது கஷ்டம், பின்னால் வரிசை நிற்கும். இறங்கும் வழியான செதுஸ் பள்ளத்தாக்கில் கோடைத் தொடக்கத்தில் பனி கிடக்கும். வெறும் ஷூவில் அங்கே சறுக்கினால் நிறுத்த எதுவும் இல்லை. குடிலில் நிலவரம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். எஃகு வடம் மின்னலைக் கடத்தும் கம்பி. விடியலில் கிளம்பி நண்பகலுக்குள் வடத்தை விட்டுவிடுவது போலத் திட்டமிடுங்கள். நடுவில் இடி கேட்டால் முகட்டை விட்டு இறங்கி, கழற்றிக்கொண்டு பாதுகாப்பாக நிற்க இடம் இருந்தால் மட்டும் கழற்றி, வடத்திலிருந்து தள்ளிப் பையின் மேல் குந்தியிருங்கள். செங்குத்தில் இருந்தால் கழற்றாதீர்கள். விழுவது அதைவிட நிச்சயமான ஆபத்து.

உதவிக்கு 112. சிக்னல் இல்லையென்றால் விசிலோ விளக்கோ ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்களைக் கவனித்துவிட்டார்கள். ஹெலிகாப்டர் வந்தால் இரு கைகளையும் உயர்த்தினால் ‘உதவி வேண்டும்’. ஒரு கையை மட்டும் உயர்த்தி மற்றதைத் தாழ்த்தினால் ‘வேண்டாம்’. உற்சாகத்தில் ஹெலிகாப்டரைப் பார்த்து இரு கைகளையும் ஆட்டாதீர்கள்.