பந்தில் ஏழு எண்ணெய் வளையங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருந்தார். வங்கியொன்றில் வேலை. நிறுவனங்களுக்கிடையிலான பௌலிங் போட்டியில் (கிரிக்கெட் அல்ல, பாரமான பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை விழுத்துகிற விளையாட்டு) அவருடைய அணிக்கு அவர்தான் கடைசியாக உருட்டுகிற ஆள். ரொறன்ரோவிலிருந்து வந்த அத்தான், தான் பாவித்த 15 இறாத்தல் பந்தைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "சேர், பின்னேரத்தில பழகும்போது நல்லா வளையுது. போட்டியன்று காலையில, புதுசா எண்ணெய் போட்ட லேனில, நேரே போய்க்கொண்டே இருக்குது. 16 இறாத்தல் வாங்கினால் எண்ணெயைக் கிழிச்சுக்கொண்டு போகுமா?"

போகாது. உயர்தரத்தில் பௌதிகம் படித்தவருக்கு இது ஒரு வரிக் கணக்கு. பாரம் கூடினால் உராய்வு விசை கூடும். தள்ளிப் பக்கம் திருப்ப வேண்டிய திணிவும் அதே அளவு கூடும். இரண்டும் வெட்டுப்பட்டுப் போக மிஞ்சுவது உராய்வுக் குணகம், அதாவது பந்தும் தரையும் ஒன்றையொன்று எவ்வளவு பிடிக்கின்றன என்ற எண், மட்டும்தான். விதிப்படி 16 இறாத்தல்தான் உச்ச எல்லை. கை வலியைத் தவிர வேறொன்றும் கிடைக்காது.

லேனில், அதாவது பந்து உருளும் தடத்தில், எண்ணெய் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் அது பலகையைப் பாதுகாக்கத்தான் போடப்பட்டது. விழுத்த வேண்டிய கட்டைகளுக்குப் 'பின்' என்று பெயர்; எறிகோட்டிலிருந்து முதலாவது பின் வரை 60 அடி. அகலம் மூன்றரை அடி, குறுக்கே 39 பலகைகள். முதல் 40 அடி வரைக்கும் எண்ணெய், மிச்சம் காய்ந்த தரை என்பது வழமையான ஏற்பாடு. ஒரு லேனுக்குப் போகும் எண்ணெய் 20 முதல் 30 மில்லிலீற்றர் அளவில்தான் இருக்கும். பருப்புக்குத் தாளிக்க ஊற்றுகிற எண்ணெய்! அதை 40 அடிக்குப் பூசினால் கண்ணுக்கே தெரியாத படலமாகிவிடுகிறது. ஆனாலும் அதன் மேல் உராய்வுக் குணகம் 0.04 அளவில், காய்ந்த இடத்தில் 0.2 அளவில். ஐந்து மடங்கு வித்தியாசம். பின்னேரம் தம்பியின் பந்து வளைந்ததற்குக் காரணம், அதற்குள் நாலைந்து மணித்தியாலமாக மற்றவர்களுடைய பந்துகள் அந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போயிருந்ததுதான்.

ஏன் வளைய வேண்டும், நேராகவே உருட்டினால் என்ன என்றால், பின்களுக்குள் பந்து நுழையும் கோணம் பெரிய விசயம். சுமார் 6 பாகை சரிவில் நுழைந்தால் பத்தும் விழும் வாய்ப்பு அதிகம். மூன்றரை அடி அகலத் தடத்தில், எந்த மூலையில் நின்று நேராக எறிந்தாலும் அந்தக் கோணத்தில் பாதி கூட வராது. ஆகவே சுழற்றித்தான் விட வேண்டும்.

சுழற்சி என்றதும் எங்களுக்கு முரளிதான். 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டை எடுத்த அந்த மணிக்கட்டு பந்துக்குக் கொடுத்த சுழற்சி, காற்றில் இருக்கும்போது பெரும்பாலும் கடனாகத்தான் கிடக்கும். ஆடுகளத்தில் பட்டுப் பிடிக்கும் கணத்தில்தான் அது வசூலாகும். கொழும்பு கெத்தாராமை மைதானத்தில் இரவு ஆட்டங்களில் பனி இறங்கிவிட்டால் சுழல் பந்துவீச்சாளர்கள் துவாயும் கையுமாக நிற்பது அதனால்தான். பௌலிங் பந்தும் அப்படியே. எண்ணெயில் வழுக்கும்போது சுழற்சி சேமிப்பில் இருக்கிறது. காய்ந்த தரையைத் தொட்டதும் பிடித்து வளைகிறது. பிறகு சுத்தமாக உருளத் தொடங்குகிறது. பந்தின் சுற்றளவு 27 அங்குலம். முதலிலிருந்தே வழுக்காமல் உருண்டால் 60 அடிக்குள் 26, 27 தடவை சுற்ற வேண்டும். நடைமுறையில் இரண்டரை செக்கனுக்குள் 12, 13 சுற்றுத்தான் சுற்றுகிறது. அந்த வித்தியாசம் முழுக்க வழுக்கல்.

எண்ணெய் அதிகமான லேனில் சிக்கல் இதுதான்: வழுக்கல் நீண்டுவிடும், பிடிக்க இடம் மிஞ்சாது. எண்ணெய்க்குள்ளேயே கொஞ்சம் பிடிக்கத் தொடங்குகிற பந்து வேண்டும்.

அந்தப் பிடி முதலில் மேலோட்டில் இருக்கிறது. பழைய பந்துகள் மரத்தில் கடைந்தவை. 1905இல் இறப்பர் பந்து வந்தது. (ஆசியாவில் முதன்முதல் இறப்பர் நாற்று நட்டது எங்கள் கம்பஹா, ஹெனரத்கொடைத் தோட்டத்தில், 1876இல், அந்தப் பால் எங்கெங்கெல்லாம் உருண்டு போயிருக்கிறது பாருங்கள்.) பிறகு பிளாஸ்டிக். 1973இல் டொன் மெக்கியூன் என்ற அமெரிக்கர் பிளாஸ்டிக் பந்தை மெதில் எதில் கீட்டோன் என்ற கரைப்பானில் ஊறப்போட்டு மேலோட்டை மெதுமையாக்கினார். அந்த ஒரே ஆண்டில் ஆறு பட்டங்கள். உடனே பந்தின் கடினத்தன்மைக்குக் கீழெல்லை விதித்தார்கள். ஊறுகாய் போடுவதுபோலப் பந்து போட்டு வென்ற மனிதர்! அவர் ஊறப்போட்டுச் செய்ததை 1990களின் தொடக்கத்தில் தொழிற்சாலையே செய்து தந்தது: யூரித்தேனுக்குள் மென்மையாக்கிகளைக் கலந்து வார்த்த ரியாக்டிவ் ரெசின். அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் இருக்கின்றன. எண்ணெயை அவை உறிஞ்சிக்கொள்கின்றன.

இதோடு சொரசொரப்பு. 500, 1000, 2000 என்று இலக்கமிட்ட சாண்ட்பேப்பர் வட்டுகளால் பந்தைத் தேய்ப்பார்கள். இலக்கம் குறையக் குறைய மேற்பரப்பு முரடு. அந்த நுண்ணிய முட்கள் எண்ணெய்ப் படலத்தைக் குத்திக்கொண்டு தரையைத் தொடுகின்றன. பளபளவென்று மினுக்கின பந்துக்கு முள் இல்லை, அது எண்ணெய்க்கு மேலேயே சறுக்கிப் போகும். மழைநாளில் காலி வீதியில் தேய்ந்த ரயரோடு ஓட்டோ ஓட்டுகிற கதை. முத்துப்போல மின்னும் 'பேர்ல்' வகையும் எண்ணெயில் கொஞ்சம் சறுக்கும் பக்கம்தான். எண்ணெய் கூடிய லேனுக்கு, மினுக்கமில்லாத 'சொலிட்' ரியாக்டிவ், அதுவும் முரடாகத் தேய்த்தது. கடையில் அழகாகத் தெரிகிற பந்து பெரும்பாலும் தவறான பந்து.

உராய்வைப் பற்றிய படிப்பு ஏதோ விளையாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1966இல் பிரித்தானியாவில் பீற்றர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தாலே நாடு ஆண்டுக்குக் கோடிக்கணக்கான பவுண் மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. உராய்வியல் (tribology) என்று ஒரு துறைக்கே அப்போதுதான் பெயர் பிறந்தது. நாங்களோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீத அளவை ஆராய்ச்சிக்கு ஒதுக்கிவிட்டு, இறப்பரைத் திண்ம ரயராக்கி ஏற்றுமதி செய்கிறோம். ரயர் என்பதே உராய்வை விற்கிற வியாபாரம். அதைப் படிக்கிற பிள்ளைக்கு ஓர் ஆய்வுகூடம் கட்டிக் கொடுக்க இந்த நாட்டில் யாருக்கும் கை வராது. சரி, அதை விடுவோம்.

எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை தம்பியோடு லேனுக்குப் போனேன். முதலில் மண்டபத்துப் பொதுப் பந்து ஒன்றை உருட்டச் சொன்னேன். திரும்பி வந்ததைத் துடைக்க விடாமல் வாங்கி, ரியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தால், பந்தைச் சுற்றி ஒரே ஒரு எண்ணெய் வளையம். பூமத்திய ரேகைபோல. அந்தப் பட்டி மட்டும் கீறல் விழுந்து மங்கிக் கிடந்தது. எத்தனை ஆயிரம் பேர் உருட்டியிருப்பார்களோ. இதன் பொருள் என்ன? முதலாவது சுற்றில் அந்தப் பட்டி எண்ணெயில் தோய்கிறது. இரண்டாவது சுற்றில் அதே தோய்ந்த பட்டிதான் மறுபடியும் தரையைத் தொடுகிறது. மூன்றாவதிலும் அதுவே. தரையிலும் எண்ணெய், பந்திலும் எண்ணெய். எங்கே பிடிப்பது?

ஒவ்வொரு சுற்றிலும் பந்து தன் உடம்பில் இன்னும் ஈரம் படாத வேறொரு பட்டியைத் தரைக்குக் காட்டினால்? நல்ல பந்துகள் இதைத்தான் செய்கின்றன, யாரும் தொடாமலே. அந்த வித்தை பந்தின் நடுவில் புதைந்திருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்கலாம். உரித்த குடுமித் தேங்காய் ஒன்றை எடுங்கள். குடுமியிலிருந்து அடிவரை போகும் அச்சில் சுழலவிட்டு மேலே எறிந்தால் நிலையாகச் சுழலும். குறுக்கே, கரணம் அடிக்கிறமாதிரி சுழற்றினாலும் ஒழுங்காகவே சுழலும். இரண்டுக்கும் நடுவே சாய்வாகச் சுழற்றி எறிந்து பாருங்கள். தள்ளாடும். ஏனென்றால் தேங்காயின் சடத்துவத் திருப்பம் (சுழற்றும்போது அது காட்டும் எதிர்ப்பு) நெட்டுக்கு ஒன்று, குறுக்குக்கு இன்னொன்று. சுழற்சிக்குரிய உந்தம் (கோண உந்தம்) வெளியில் ஒரு திசையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்க, தேங்காய் அதற்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாகப் புரண்டு கொடுக்கிறது. தேங்காய்க்குள் இருந்து பார்க்கிற எறும்புக்கு, சுழற்சி அச்சு குடுமியைச் சுற்றி நடந்துபோவதுபோலத் தெரியும்.

இப்போது அந்தத் தேங்காயை ஒரு பெரிய உருண்டைக்குள் வைத்து வார்த்து மூடிவிடுங்கள். அதுதான் பௌலிங் பந்து. உள்ளே இருக்கும் அடர்த்தியான கட்டிக்குப் பெயர் 'கோர்'. பொதுப் பந்தில் அப்படியொரு நெட்டைக் கட்டி கிடையாது. எந்தப் பக்கம் சுழற்றினாலும் ஏறக்குறைய ஒன்றே, அச்சு நகராது. கோர் உள்ள பந்தின் பெட்டியில் இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். ஆர்.ஜி. என்பது திணிவு நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பது; 2.46 முதல் 2.80 அங்குலம் வரை அனுமதி. 'டிஃபரென்ஷல்' என்பது நெட்டுக்கும் குறுக்குக்கும் உள்ள ஆர்.ஜி. வித்தியாசம், 0.060 உச்சம். வெறும் 0.05 அங்குல வித்தியாசத்தால் என்ன ஆகிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.5இல் 0.05 என்பது 2 சதவீதம். சடத்துவத் திருப்பம் அதன் வர்க்கத்தில் போவதால் 4 சதவீதம். அச்சு 45 பாகை சாய்ந்திருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் அது கோரைச் சுற்றிப் பத்துப் பாகை நகர்கிறது. பந்தின் மேற்பரப்பில் அது அரை அங்குலம். ஒரு சுற்று, அரை அங்குலம் தள்ளிப் புதுப் பட்டி. அடுத்த சுற்று, இன்னும் அரை அங்குலம். எண்ணெய் இருக்கும் 40 அடிக்குள் ஏழெட்டுச் சுற்று. ஏழெட்டு வளையம். அத்தனையும் இரண்டு இடங்களில் ஒன்றையொன்று வெட்டி, நடுவில் பனையோலை விசிறிபோல விரிந்திருக்கும். எண்ணெயே எழுதிவைத்த கணக்கு அது.

தம்பியின் பந்தை உருட்டிப் பார்த்தோம். வளையங்கள் விரியவில்லை. ஏழும் அரை அங்குலத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, விசிறியை மடக்கி வைத்ததுபோலக் கிடந்தன.

கோர் இருக்கிறது, டிஃபரென்ஷலும் மோசமில்லை. பிறகென்ன? சாய்வு. அச்சு கோரின் நெட்டாங்கோடு ஒட்டியிருந்தாலோ நேர்குறுக்காக இருந்தாலோ தேங்காய் தள்ளாடாது என்று பார்த்தோமே. தள்ளாட வேண்டுமென்றால் நடுச்சாய்வு, 45 பாகை. பந்தின் சுற்றளவு 27 அங்குலம். அதில் எட்டில் ஒன்று மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல், துல்லியமாக 3⅜. கோரின் நுனியைக் காட்டும் சிறு நிறப்புள்ளி பந்தின் மேல் இருக்கும். அந்தப் புள்ளிக்கும் உங்கள் கை கொடுக்கும் சுழற்சி அச்சுக்கும் இடையில் 3⅜ அங்குலம் இருக்கும்படி விரல் துளைகளைப் போட்டால் வளையங்கள் அதிகபட்சம் விரியும். அந்த அச்சு ஆளுக்கு ஆள் மாறும். அத்தானுடைய கைக்குப் போட்ட துளைகளில் தம்பி விரலை விட்டுக்கொண்டிருந்தார்! இதோடு பந்து மினுக்கின பேர்ல் வகை. பிழைக்கு மேல் பிழை.

பக்கத்து லேனில் ஒருவர் பந்துக்கு விபூதி பூசிவிட்டு உருட்டினார். தம்பியின் அணியிலும் போட்டிக்கு முன் பந்தைத் தேசிக்காயில் ஏற்றி நசுக்குகிற வழக்கம் உண்டாம், புதுக் கார் எடுக்கிறதுபோல. தேசிக்காய்ச் சாறு பிசுக்கைத் தவிர ஒன்றும் தராது. விபூதி அப்படியல்ல, நுண்ணிய சாம்பல், எண்ணெயை உறிஞ்சக்கூடியது. பக்தி வேலை செய்ததோ இல்லையோ, உராய்வியல் கொஞ்சம் செய்திருக்கலாம். ஆனால் பந்தின் மேல் வேற்றுப் பொருள் எதையும் விட்டுவைப்பது விதிப்படி தவறு. அமெரிக்கப் பௌலிங் காங்கிரஸின் விதிகளில் 2020இலிருந்து ஆட்டத்தின் நடுவே உலர்ந்த துவாயால் துடைக்க மட்டும்தான் அனுமதி.

கோரைப் பற்றி இவ்வளவு பாடிவிட்டேன் என்பதற்காக அதற்கே முதலிடம் கொடுத்துவிடாதீர்கள். அதே காங்கிரஸ் நடத்திய பந்து இயக்க ஆய்வில் மேற்பரப்புச் சொரசொரப்பும் எண்ணெய் உறிஞ்சுதலும்தான் முன்னுக்கு வந்தன. கோர் புதுத் தோலைக் கொண்டுவந்து காட்டுகிற உதவியாள். காட்டுகிற தோல் வழவழப்பென்றால் அவனால் என்ன செய்ய முடியும்? புதிதாக வாங்குவதென்றால் முரடான சொலிட் மேலோடு, 2.50ஐ ஒட்டிய ஆர்.ஜி., 0.050க்கு மேல் டிஃபரென்ஷல் என்று கேளுங்கள். ஆர்.ஜி. குறைந்தால் சீக்கிரமே உருளத் தொடங்கும். மூலையில் தனித்து நிற்கும் பின்னை அடிக்க மட்டும் பிளாஸ்டிக் பந்து. அதற்கு வளையவே கூடாது.

உறிஞ்சின எண்ணெய் உள்ளேயே தங்கினால் பந்து செத்துப்போகும். இளஞ்சூட்டு நீரில் போட்டால் எண்ணெய் துளித்துளியாக வெளியே வியர்க்கும்; கொதிநீர் வேண்டாம். கொழும்பு வெயிலில் கார் டிக்கிக்குள் விட்டுவைக்கவும் வேண்டாம், மேலோடும் கோரும் வெவ்வேறு அளவில் விரிந்து பந்தில் வெடிப்பு விழலாம்.

தம்பி புதுப் பந்து வாங்கவில்லை. பழைய துளைகளை அடைத்து, தன் கைக்குப் புதிதாகப் போடுவித்து, 1000 இலக்க வட்டால் மினுக்கத்தை எடுத்துவிட்டார். போன கிழமை ஒரு படம் அனுப்பியிருந்தார்: மடியில் துவாய், துவாய்மேல் பந்து, பந்தில் விரிந்த விசிறி. ஏழு வளையம். கூடவே ஒரு குரல்பதிவு. "சேர், இப்ப நல்லாப் பிடிக்குது. ஆனால் போகும்போது டக்... டக்... டக் என்று ஒரு சத்தம்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி மூன்று வளையங்கள் பெருவிரல் துளையின் விளிம்பின் மேலால் போயிருந்தன.