ஏதென்ஸின் குலுக்கல் கல்

ஏதென்ஸ் நகரத்தின் பழைய சந்தைத் திடல் அகோரா. அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஓர் உடைந்த பளிங்குப் பலகை இருக்கிறது. முகப்பு முழுக்க வரிசை வரிசையாக மெல்லிய பிளவுகள். கிளெரோட்டீரியன் என்று பெயர். ஒரு வழக்கை விசாரிக்க யார் யார் உட்கார வேண்டும் என்பதை இப்படிப்பட்ட கற்களை வைத்துத்தான் முடிவுசெய்தார்கள்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் இது வேலை செய்த விதத்தை, அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் 'ஏதென்ஸ் அரசியலமைப்பு' விவரிக்கிறது. 30 வயது தாண்டிய குடிமகன் தன் பெயரும் ஊரும் பொறித்த சிறு தகட்டோடு காலையிலேயே நீதிமன்ற வாசலுக்கு வருவான். தகட்டில் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எழுத்துக்குரிய பத்தியில் தகட்டைச் செருகுவார்கள். ஒரு கல்லில் ஐந்து பத்திகள். ஆக, குறுக்கே ஒரு வரிசைக்கு ஐந்து பேர். பக்கவாட்டுக் குழாயில் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்களைக் கலந்து கொட்டி, ஒவ்வொன்றாக வெளியே விடுவார்கள். முதல் காய் வெள்ளை என்றால் முதல் வரிசையின் ஐந்து பேரும் நடுவர்கள். கறுப்பு என்றால் ஐந்து பேரும் வீட்டுக்குப் போகலாம். நூறு பேர் வேண்டுமா, இருபது வெள்ளைக் காய் போட்டால் சரி.

இதோடு விடவில்லை. ஒரே ஆள் எப்போதும் தகடு செருகினால் தில்லுமுல்லு செய்யலாம் என்று, செருகுபவரையும் குலுக்கலில்தான் எடுத்தார்கள். அப்புறம், தேர்வானவர் எந்த மன்றத்துக்குப் போவது என்பதற்கு இன்னொரு குலுக்கல். மன்ற வாசலில் பூசிய நிறத்திலேயே அவர் கையில் ஒரு கோல் கொடுப்பார்கள். நிறம் மாறி நுழைந்தால் தெரிந்துவிடும். லஞ்சம் கொடுக்க நினைப்பவனுக்கு யாரிடம் கொடுப்பது என்றே முன்கூட்டித் தெரியாது.

இவ்வளவு சந்தேகம் எதற்கு? ஏதென்ஸை வெகுகாலம் சில பெரிய குடும்பங்கள் ஆட்டிப்படைத்தன. கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தனீஸ் என்ற தலைவர் அந்தப் பிடியை உடைத்தார். நகரம், கடற்கரை, உள்நாடு என மூன்று பகுதிகளின் ஊர்களையும் கலந்து பத்துப் பிரிவுகள் அமைத்தார். பிரிவுக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட ஆட்சிக்குழு. ஒவ்வொரு பிரிவின் ஐம்பதின்மரும் முறைவைத்து ஆண்டில் பத்தில் ஒரு பங்கு நிர்வாகம் பார்ப்பார்கள். அவர்களுக்குள் தலைவரைத் தினமும் குலுக்கி எடுப்பார்கள். கருவூலச் சாவியும் அரசு முத்திரையும் ஓர் இரவும் ஒரு பகலும் அவரிடம். மறுபடி அந்த வாய்ப்பு வராது. ஒரு சாதாரண விவசாயி ஒருநாள் நாட்டுக்கே தலைவராக இருந்திருக்கலாம் என்பது இன்றைக்கும் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

ஏழைகள் கூலியை விட்டு நீதிமன்றம் வர முடியாதே என்று, அரசியல் தலைவர் பெரிகிளீஸ் காலத்தில் நடுவர்களுக்குப் படி கொடுக்கத் தொடங்கினார்கள். பின்னால் அது நாளுக்கு 3 ஓபோல் (சிறு வெள்ளிக் காசு) ஆனது. ஆனால் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் குடியேறிய வெளியூர்க்காரர்களுக்கும் அந்தக் கல்லில் ஒரு பிளவுகூடக் கிடையாது. நகரத்தின் உழைப்பில் பெரும்பங்கு அவர்களுடையது என்பதால் இதைச் சின்னக் குறை என்று தள்ளிவிட முடியாது.

படைத்தளபதிகள் பத்துப் பேரைக் குலுக்கலுக்கு விடவில்லை. போர் தெரிந்தவன் வேண்டும் என்று கை தூக்கி வாக்களித்தே தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதவிக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். பெரிகிளீஸ் ஆண்டுக்கு ஆண்டு செல்வாக்கோடு நின்றது அந்த வழியில்தான்.