அலாரம் 'ஆஃப்' ஆனால் அடிக்குமா, நிற்குமா?

'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்று கேட்டதும் அலாரம் நின்றுவிட்டது என்றே நமக்குத் தோன்றும். ஃபேனை ஆஃப் பண்ணிப் பழகிய காது அப்படித்தான் கேட்கும். ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு அலாரம் அடித்தது என்று பொருள். அதே 'வென்ட் ஆஃப்' விளக்கைப் பற்றி வந்தால், அணைந்தது.

வினையோடு ஒரு சின்னச் சொல் சேர்ந்து புதுப்பொருள் தரும் இந்த ஃபிரேசல் வெர்புகள்தான் பிற மொழிக்காரர்களுக்கு மிகப் பெரிய இடர் என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே எழுதினார். நாமோ இவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறோம். அதைவிட அந்தச் சின்னச் சொல்லைக் கவனிப்பதே நல்ல வழி என்பேன்.

'ஆஃப்' என்பதன் அடிப்படை விலகல். மின்தொடர்பு விலகினால் விளக்கு அணைகிறது. துப்பாக்கியில் அடைபட்டிருந்த குண்டு விலகிப் பாய்ந்தால் வெடிக்கிறது. அதற்கும் 'வென்ட் ஆஃப்' தான். பழைய சாவி கடிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பிடித்துவைத்த சுருள்வில் விடுபட்டதும் மணி அடிக்கும். அணைவதும் அடிப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்குவது இப்போது அவ்வளவு விநோதமாக இல்லை.

'அப்' இன்னும் அழகானது. குடத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்ற மட்டம் மேலே ஏறும்; விளிம்பைத் தொட்டால் நிறைந்தது. மேலே போவது இப்படித்தான் முழுமைக்கு அடையாளமாகிறது. 'ஈட்' என்றால் தின்பது, 'ஈட் அப்' என்றால் மிச்சமில்லாமல் தின்பது. 'யூஸ் அப்', 'பர்ன் அப்' எல்லாம் இதே வகை. தமிழில் இந்த வேலையைத் துணைவினை செய்கிறது: தின்றான், தின்று தீர்த்தான், குடித்தான், குடித்துவிட்டான். இந்த 'விடு'வில் விடுவது எங்கே இருக்கிறது? தன் பொருளை இழந்து முடிவைக் காட்டுகிறது, 'அப்' போலவே. 'கிவ் அப்' நமக்குப் புதிரென்றால், நம் 'கைவிடு' ஆங்கிலேயருக்கு அதே அளவு புதிர்.

பழைய ஆங்கிலத்தில் 'ஆஃப்', 'அப்' போன்ற சின்னச் சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தன. 'அண்டர்ஸ்டாண்ட்', 'ஓவர்கம்' அதன் மிச்சங்கள். பிறகுதான் அவை பின்னால் வந்து, பிரிந்தும் நிற்கத் தொடங்கின. அதனால்தான் 'டர்ன் ஆஃப் தி லைட்', 'டர்ன் தி லைட் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் 'இட்' வந்தால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டுமே. ஆங்கிலத்தில் அழுத்தம் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் விழும். 'இட்' என்பது ஏற்கெனவே தெரிந்த பொருளைச் சுட்டும் மெல்லிய சொல். அந்த அழுத்தத்தை அதனால் தாங்க முடியாது, 'ஆஃப்' தாங்கும்.