ஏஜென்சி சம்பளம் 7-ஆம் தேதி தாண்டினால் யாரைக் கேட்பது?

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து சேலத்துக்கு வேலைக்கு வருகிற அக்கா ஒருவர் எனக்குப் பழக்கம். தனியார் மருத்துவமனை ஒன்றில் ஹவுஸ்கீப்பிங். வேலை மருத்துவமனையில், சம்பளம் போடுவது ஏஜென்சி. போன மாதம் 19-ஆம் தேதி ஆகியும் பணம் ஏறவில்லை. சூப்பர்வைசரைக் கேட்டால், "ஆஸ்பத்திரில இன்னும் பில் பாஸ் ஆகலக்கா" என்கிறார். மருத்துவமனை ஆபீஸில் கேட்டால், "நீங்க எங்க ஸ்டாஃப் இல்லம்மா, ஏஜென்சியைக் கேளுங்க" என்கிறார்கள். தவணைக்காரர் மட்டும் தேதி தவறாமல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

அக்காவுக்குக் கிடைத்த இரண்டு பதிலுமே சட்டப்படி நிற்காது.

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் இதற்குள் அடங்கிவிட்டது. மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். பில் பாஸ் ஆனதா, இல்லையா என்பது ஏஜென்சிக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் இருக்கும் கணக்கு. அது பாஸ் ஆகும்வரை தொழிலாளி காத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. வாரக்கூலிக்கு வார விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாள்தான் கெடு, தினக்கூலிக்கு ஷிப்ட் முடியும் நேரம். ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்க மேஸ்திரி மூலம் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. வேலையை விட்டு நின்றாலும் சரி, அவர்களே நிறுத்தினாலும் சரி, பாக்கியை 2 வேலை நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். "அடுத்த மாசம் செட்டில்மென்ட்" என்பது அவர்களாகவே போட்டுக்கொண்ட விதி.

அடுத்து, "நீங்க எங்க ஸ்டாஃப் இல்ல" என்ற பதில். சம்பளம் தரவேண்டியவர் முதலில் ஏஜென்சிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏஜென்சி தரவில்லை என்றால், எந்த இடத்தில் வேலை பார்க்கிறோமோ அந்த நிறுவனத்தின் உரிமையாளர்தான் பொறுப்பு என்று ஊதியத் தொகுப்பின் 43-ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இது புதிதும் அல்ல. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இப்படி இருந்தது: முதன்மை வேலையளிப்பவர், அதாவது வேலை நடக்கும் நிறுவனம், சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு கான்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ளலாம். ஐம்பத்தைந்து வருடமாக இருக்கும் விதியை வாசலில் நிற்கிற பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு மாற்றமும் உண்டு. முன்பு மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் பழைய சட்டம் பொருந்தாது. இப்போது அந்த வரம்பு இல்லை.

சரி, மனு எங்கே கொடுப்பது? பெரும்பாலான இடங்களுக்கு, அதாவது மருத்துவமனை, ஜவுளி, சேகோ ஆலை, மால், மாநகராட்சி வேலை எல்லாவற்றுக்கும், மாநிலத் தொழிலாளர் துறையின் சேலம் அலுவலகம்தான். ரயில்வே, வங்கி, இரும்பாலை, மேக்னசைட் சுரங்கம் போன்ற இடங்களில் கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் தொழிலாளர் துறை. கான்ட்ராக்டர் உள்ளூர்க்காரர் என்பதால் இது மாறாது. இடம் மாற்றிக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம், ஆனால் அதுவும் சுற்றிவந்து தொழிலாளர் துறைக்குத்தான் போகும்.

மனுவில் நான் பார்க்கிற பெரிய தவறு, ஏஜென்சி பெயரை மட்டும் எழுதுவது. எதிர்மனுதாரர் 1 ஏஜென்சி, எதிர்மனுதாரர் 2 வேலை பார்க்கும் நிறுவனம் என்று இரண்டு பெயரையும் முகவரியோடு போடுங்கள். எந்த மாதம், எத்தனை ஷிப்ட், எவ்வளவு பாக்கி என்று எண்ணில் எழுதுங்கள். "வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டுள்ளது" என்று அரைப் பக்கம் எழுதுவதைவிட "26 ஷிப்ட், பாக்கி இவ்வளவு" என்ற ஒரு வரி அதிக வேலை செய்யும். தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம். தொழிற்சங்கமும் கொடுக்கலாம். பாக்கி விழுந்ததிலிருந்து 3 வருடம் வரை கேட்க முடியும். முன்பு 12 மாதம்தான் இருந்தது.

சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள். அங்கே வேலை பார்த்தேன் என்று காட்டுவதற்கு மட்டும் நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அடையாள அட்டை, கேட் பாஸ், முன்பு சம்பளம் ஏறிய பாஸ்புக் பக்கம், "நாளை நைட் வாங்க" என்று சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப், எதுவானாலும் சரி. அக்காவிடம் பேஸ்லிப் இல்லை. அதைக் கொடுக்க வேண்டியதும் சட்டப்படி அவர்கள் கடமைதான், கொடுத்ததில்லை. ஆனால் மகளின் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நாளும் தேதி போட்டு, பகலுக்கு 'ப', நைட்டுக்கு 'நை' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்த நாளில் 'பநை'. அதைப் பார்த்துதான் பாக்கிக் கணக்கே போட்டோம்.

விசாரிக்கும் அதிகாரி பாக்கித் தொகையோடு அதன் 10 மடங்கு வரை இழப்பீடும் சேர்த்து உத்தரவிடலாம். 10 மடங்கு என்பது உச்சம், எல்லோருக்கும் அது கிடைக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 3 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, கொஞ்சம் இழுக்கவும் செய்யும். உத்தரவு வந்தும் கொடுக்காவிட்டால் கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி போல வசூலிக்க வழி இருக்கிறது.

அப்புறம், சம்பளம் தள்ளிப்போகும் ஏஜென்சியில் பிஎஃப் பணமும் கட்டாமல் கிடக்க வாய்ப்பு அதிகம். மத்திய அரசின் உமங் செயலியில் யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர்) எண்ணைப் போட்டு பாஸ்புக்கைப் பாருங்கள். சம்பளத்தில் பிடித்திருந்தும் அங்கே ஏறவில்லை என்றால் அது தனிப் புகார், பிஎஃப் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

வக்கீல் வேண்டும் என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. தொலைபேசியில் கேட்க 15100.