தலைநிமிர்ந்த தவளையும் பல்வலித் தலையும்

"மத்திய அமெரிக்காவில் வாழ்ந்த பழங்கால மாயர்களின் எழுத்தை யாருக்கும் வாசிக்கத் தெரியாத காலத்திலேயே, இது அரசன் பிறந்த நாள், இது அவன் பட்டமேறிய நாள் என்று ஒரு பெண்மணி சொல்லிவிட்டாராமே, அதெப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒரே வார்த்தையில் பதில் சொல்வதென்றால்: கழித்தல். மூன்றாம் வகுப்பில் படித்தோமே, அதேதான்.

அவர் தத்யானா புரோஸ்கூரியாகோஃப். 1909இல் சைபீரியாவின் தோம்ஸ்க் நகரில் பிறந்து, முதல் உலகப்போர்க் காலத்தில் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். 1930இல் கட்டடக்கலைப் பட்டம் வாங்கினார். பொருளாதாரப் பெருமந்தம், கட்டடமே கட்டாத ஊரில் கட்டடக் கலைஞருக்கு என்ன வேலை? பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் படம் வரையப் போனார். அங்கிருந்து 1936இல் குவாத்தமாலா காட்டுக்குள், உசுமசிந்தா ஆற்றங்கரையில் இருக்கும் பியெத்ராஸ் நெக்ராஸ் என்ற பாழடைந்த மாயர் நகரத்துக்கு. இடிந்த மேடுகளை அளந்து, அவை முழுசாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று வரைவது அவர் வேலை. அதற்கப்புறம் அவர் மாயர்களை விடவே இல்லை.

அப்போது நிலைமை என்னவென்றால், மாயர் எழுத்தில் தேதிகளை மட்டும் படிக்க முடியும். புள்ளி என்றால் 1, கோடு என்றால் 5. ஒரு நாள், 20 நாள், 360 நாள், 7,200 நாள், 1,44,000 நாள் என்று ஐந்து அடுக்கு. 9.12.2.0.16 என்று இருந்தால், பெரிய அடுக்கு முதலில் வரும், பெருக்கிக் கூட்டிக்கொள்ளுங்கள்: 13,83,136 நாள். கி.மு. 3114 ஆகஸ்டிலிருந்து எண்ணினால் கி.பி. 674 ஜூலையில் வந்து நிற்கும். (2012இல் இந்த அடுக்கு ஒரு சுற்று முடிந்தபோது உலகமே முடியப்போகிறது என்று நம் தொலைக்காட்சிகள் அலறின. பாலெங்கே என்ற மாயர் நகரத்துக் கல்வெட்டு ஒன்று 4772ஆம் ஆண்டில் வரும் ஒரு நாளைக் குறித்து வைத்திருக்கிறது. உலகம் முடியும் என்று நினைப்பவன் அதற்கப்புறம் 2,760 வருஷத்துக்கு நாள் குறிப்பானா?)

தேதிகளைச் சுற்றி இருந்த மற்ற குறிகள் புரியவில்லை. புரியாததால், அவையும் வானியலும் பூசையும்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மாயர் ஆய்வில் அன்று பெரிய குரல் எரிக் தாம்ப்சனுடையது. காலத்தையே தெய்வமாகத் தொழுத அமைதியான பூசாரிகள், கல்லில் மனிதர் வரலாறு கிடையாது என்பது அவர் கட்சி.

பியெத்ராஸ் நெக்ராஸில் ஒரு வசதி உண்டு. அங்கே ஏறக்குறைய 5 வருஷத்துக்கு ஒன்று, சரியாகச் சொன்னால் 1,800 நாளுக்கு ஒன்று, கல்தூண் நட்டிருக்கிறார்கள். தூண்கள் ஊரெங்கும் சிதறிக் கிடக்கவில்லை. இந்தக் கட்டடத்துக்கு முன் ஒரு வரிசை, அந்தக் கட்டடத்துக்கு முன் இன்னொரு வரிசை என்று குழுக்குழுவாக நிற்கின்றன. குழுவின் முதல் தூணில் பெரும்பாலும் ஒரே மாதிரிச் சிற்பம்: உயரத்தில் ஒரு மாடக்குழி, அதில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான், கீழிருந்து அவனிடம் போக ஏணி. ஏணியில் காலடித் தடங்கள். பார்த்தவர்கள், தெய்வம் வானேறுகிறது என்றார்கள்.

புரோஸ்கூரியாகோஃப் ஏணியை விட்டுவிட்டுத் தேதிகளைப் பிடித்துக்கொண்டார். முதல் தூணில், அது நடப்பட்டதற்குச் சற்று முந்தைய ஒரு தேதி இருந்தது. அதை ஒட்டி எப்போதும் ஒரே குறி: பல்வலிக்காரருக்குத் தாடையோடு சேர்த்துத் துணி கட்டிவிட்டது போன்ற ஒரு பறவைத் தலை. ஆய்வாளர்கள் அதைப் பல்வலிக் குறி என்றே கூப்பிட்டார்கள். அதே குழுவில் இன்னும் பழைய ஒரு தேதியும் வந்தது. அதன் பக்கத்தில் மேலே பார்த்து நிமிர்ந்த தவளைத் தலை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு? ஒரு குழுவில் கழித்துப் பார்த்தால் 8,039 நாள், அதாவது 22 வருஷம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான். பல்வலித் தேதியின் ஆண்டு நிறைவுகளை அடுத்தடுத்த தூண்களில் கொண்டாடுகிறார்கள். ஆனால் அடுத்த குழு தொடங்கியதும் அந்தத் தேதி நின்றுபோகிறது. புதிய தவளை, புதிய பல்வலி, கணக்கு மறுபடி முதலிலிருந்து. கோள்களின் நாளோ தெய்வத்தின் திருநாளோ என்றால் ஏன் நிற்க வேண்டும்? எந்தக் குழுவின் காலத்தை அளந்தாலும் அது ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கியது. தவளை பிறப்பு. பல்வலி பட்டமேற்பு. மாடக்குழியில் இருப்பவன் தெய்வமில்லை, அன்றைக்கு அரியணை ஏறிய அரசன். ஒரு குறியைக்கூட வாய்விட்டு உச்சரிக்காமல் இவ்வளவும்!

இதை அவர் 1960இல் வெளியிட்டார். படித்துவிட்டுத் தாம்ப்சனே ஒப்புக்கொண்டார். அவரிடம் நான் மதிப்பது அதைத்தான். எழுத்தை ஒலியாக வாசிக்கும் வழியை லெனின்கிராடிலிருந்து சோவியத் ஆய்வாளர் யூரி கினோரோசொவ் 1952இலேயே சொல்லியிருந்தார். அதைத் தாம்ப்சன் கடைசிவரை ஏற்கவில்லை என்பது வேறு கதை.

இடையில் 1958இல், புரோஸ்கூரியாகோஃப் வேலை பார்த்த கார்னகி நிறுவனம் தொல்லியல் பிரிவையே இழுத்து மூடியிருந்தது. நல்லவேளையாக ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்தில் அவருக்கு ஒரு மேசை இருந்தது. குழி தோண்டப் பணம் கேட்டால் கொடுக்க ஆளுண்டு. பானை வரும், செய்தித்தாளில் படம் வரும். ஏற்கெனவே கிடைத்த கற்களின் படங்களை எதிரே வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் யோசிக்கச் சம்பளம் கேட்டுப் பாருங்கள். அந்த விண்ணப்பப் படிவத்தில் 'எதிர்பார்க்கும் விளைவு' என்ற கட்டத்தில் எதை எழுதுவது?

கடைசியாக பியெத்ராஸ் நெக்ராஸின் மூன்றாம் எண் தூண். அதன் பின்பக்கத்தில் நீள அங்கி போட்ட ஓர் உருவம் அரியணையில் உட்கார்ந்திருக்கிறது. ஒட்டினாற்போல் ஒரு சின்ன உருவம். அங்கி உருவங்களைப் பூசாரிகள் என்று சொல்லி வந்தார்கள். தவளைக் குறியோடு வரும் பெயருக்கு முன்னால் ஒரு பெண் தலைக் குறி இருப்பதை புரோஸ்கூரியாகோஃப் கவனித்தார். பிறந்த நாள்? மேலே நாம் பெருக்கிக் கூட்டினோமே, அதேதான். 674இல் பிறந்த ஓர் அரசி. 4,520 நாள் கழித்து, பன்னிரண்டரை வயதுகூட நிறையாதபோது, இன்னொரு சடங்கு. திருமணம் என்று இன்று கருதுகிறார்கள். அதற்கு 45 நாள் கழித்து, மேலே 22 வயதில் பார்த்தோமே, அந்த அரசன் பட்டமேறுகிறான். பிறகு இன்னொரு தவளை, இன்னொரு பெண் பெயர். 708இல் பிறந்த மகள். தூணின் நிறைவுத் தேதி 9.14.0.0.0. மகள் பிறந்த நாளை அதிலிருந்து கழித்தால் 1,354 நாள்.

அந்தச் சின்ன உருவத்துக்கு மூன்றே முக்கால் வயது ஆகச் சில நாட்கள் பாக்கி.