பச்சைக் கறை படிந்த கட்டு

சித்தியின் கையில் ஒட்டிக்கொண்டிருந்த காஸ் துணியை உப்புநீர் விட்டு நனைத்து நனைத்து எடுத்தார் நர்ஸ். அடி மடிப்பில் நீலமும் பச்சையுமாகக் கறை. சீழ் நாறும் என்று மூச்சைப் பிடித்திருந்தேன். வந்ததோ பழுத்த திராட்சை வாசனை. "சூடோமோனாஸ் கிருமி மாதிரி இருக்கு அக்கா, வளர்த்துப் பார்க்கக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்றேன்" என்றார் அந்தப் பாலக்காட்டுப் பெண். மயூர் விஹார் வீட்டு வாசலில் தீபாவளி விளக்கு முந்தானையில் பற்றி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

தீ தோலோடு நிற்பதில்லை. அடியில் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்களையும் கருக்கி அடைத்துவிடுகிறது. மேலே தங்குவது செத்த தோல், எஸ்கார் என்பார்கள். ஈரமும் புரதமும் நிறைந்த அந்தப் படலம் கிருமிக்கு நல்ல சாப்பாடு. முதல் சில நாள் நம் மயிர்க்கால்களில் ஒளிந்திருந்த ஸ்டாபிலோகாக்கஸ் தலைதூக்கும். ஒரு வாரம் போனால் குடலிலிருந்தும், வார்டின் தண்ணீர்த் தொட்டி, கட்டில் கம்பி, கைகளிலிருந்தும் சூடோமோனாஸும் அசினெட்டோபாக்டரும் வந்து சேரும். அசினெட்டோபாக்டர் காய்ந்த பரப்பிலேயே வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

நரம்பில் ஏற்றும் மருந்து ரத்தத்தோடுதான் பயணம் செய்கிறது. ரத்தம் எட்டாத எஸ்காருக்கு ஓரங்களிலிருந்து கொஞ்சம்தான் கசியும். அந்தக் கொஞ்சம் எல்லாக் கிருமியையும் கொல்லாது. நோஞ்சான்களைக் கொன்று, தாக்குப்பிடிப்பவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கும். இதனால்தான் சில்வர் சல்பாடயசின் களிம்பை நேராகப் புண்ணிலேயே பூசுகிறார்கள்.

கல்ச்சருக்கு அனுப்பிய மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் உட்பட வரிசையாக 'ஆர்', அதாவது மருந்து கேட்காது. கோலிஸ்டின் வரியில் மட்டும் 'ஆர்' இல்லை. சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடிய பழைய மருந்து அது.

மெரோபெனம் எப்படித் தோற்கிறது? பெனிசிலின் தொடங்கி மெரோபெனம் வரை அந்தக் குடும்பத்துக்கே உயிர்நாடி நான்கு அணுக்கள் கொண்ட ஒரு வளையம். சில கிருமிகள் சுரக்கும் நொதியில் இரண்டு துத்தநாக அயனிகள் உட்கார்ந்திருக்கும். அவை நீர் மூலக்கூறைக் கூர்தீட்டி ஏவ, வளையம் உடைந்துபோகும். 2008இல் சுவீடனில் ஒரு நோயாளியிடம் இப்படி ஒரு நொதியைக் கண்டறிந்தார்கள். அவர் அதற்கு முன் தில்லியில் சிகிச்சை பெற்றவர் என்பதால் 'நியூ டெல்லி' என்றே பெயர் வைத்தார்கள்: என்.டி.எம்.-1. நான் வாழும் ஊரின் பெயர் என்பதால் எனக்கு அது உறுத்தியது. ஆனால் 2011இல் வெளியான ஆய்வில், தில்லியின் 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51இலும் அந்த நொதியைச் செய்யும் மரபணு இருந்ததைப் படித்தபின், பெயரைவிட நீர்தான் அதிகம் உறுத்துகிறது.

மரபணு குடியிருப்பது பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில். கிருமி அதை நகலெடுத்துப் பக்கத்துக் கிருமிக்கு, வேறு இனமாக இருந்தாலும், கொடுத்துவிடும். நெருக்கியடித்த தீக்காய வார்டில் கழுவாத ஒரு கை போதும், ஒரு கட்டிலின் கிருமி அடுத்த கட்டிலுக்குப் போக. வாசலில் என்னை மறித்து, முழங்கை வரை கழுவச் சொன்ன அந்த நர்ஸின் பிடிவாதத்தை நான் மருந்தாகவே எண்ணுகிறேன்.

பன்னிரண்டாம் நாள் சித்தியின் எஸ்காரைச் சீவி எடுத்தார்கள். படலம் படலமாக, அடியில் பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்க்கும் வரை சீவுவார்களாம். ரத்தம் துளிர்க்கும் இடத்துக்கு இனி மருந்தும் வந்துவிடும்.