கடைக்குள்ளே புகை: யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது?

"சேர், அந்தக் கடைக்குள்ள எப்பவும் சிகரெட் புகைதான். நீங்க ஒண்டும் செய்யமாட்டீங்களா?" என்று வீதியில் மறித்துக் கேட்பவர்கள் நிறையப் பேர். எந்தக் கடை, எத்தனை மணிக்கு, உள்ளேயா வெளியேயா என்று நான் திருப்பிக் கேட்டால் பலர் பின்வாங்கிவிடுவார்கள். அந்தத் தயக்கம் விளங்காமலில்லை. களுவாஞ்சிகுடியோ காரைதீவோ, எங்கே பார்த்தாலும் கடைக்காரர் நமக்குச் சொந்தமாகவோ தெரிந்தவராகவோதான் இருப்பார். ஆனால் என்னைப் போன்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஒருவருக்கு ஒரு பிரிவு முழுவதும் பொறுப்பு. யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியவரும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இலங்கையில் புகையிலை, மதுசாரம் தொடர்பான 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், மூடப்பட்ட பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்கிறது. அலுவலகம், வங்கி, வைத்தியசாலை, பாடசாலை எல்லாம் இதில் அடங்கும். 30 அறைகளுக்குக் குறையாத ஹோட்டல், 30 பேருக்குக் குறையாமல் இருக்கை உள்ள உணவகம், விமான நிலையம் ஆகியவை மட்டும் புகைப்பதற்கென்று தனி இடம் ஒதுக்கலாம். நம்முடைய சின்னத் தேத்தண்ணிக் கடைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு சிகரெட் விற்பதும் இதே சட்டத்தின்படி குற்றம்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. புகைத்தவர் மட்டுமல்ல, அந்த இடத்துக்குப் பொறுப்பானவரும் பதில் சொல்லவேண்டும். உரிமையாளரோ முகாமையாளரோ, தன் கூரைக்குக் கீழே யாரும் புகைக்காமல் பார்த்துக்கொள்வது அவருடைய கடமை.

கிளினிக்குக்கு வந்த ஒரு கர்ப்பிணித் தாய், தான் வேலை செய்யும் கொமினிகேஷன் கடையில் நாள் முழுக்கப் புகை என்று மிட்வைஃப் மிஸ்ஸியிடம் சொல்லியிருந்தார். மிஸ்ஸி எனக்குச் சொன்னார். மத்தியானம் போய்ப் பார்த்தேன். ஏசி போட்டதால் கதவும் ஜன்னலும் பூட்டியிருந்தன. போட்டோக் கொப்பி மெஷினுக்குக் கீழே ஒரு பழைய மைலோ டின், அதில் பாதிக்கு ஈரமணல், மணல் நிறைய சிகரெட் கட்டைகள். "நான் பத்துறல்ல சேர், வாற ஆக்கள்தான்" என்றார் முதலாளி. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த டின்னை அங்கே வைத்தது யார்? சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கி, அடுத்த முறை வழக்குத்தான் என்று எச்சரித்தேன். டின் போனது, வாசலில் அறிவித்தல் வந்தது. அந்தத் தாய் யாரிடமும் சண்டை பிடிக்கவில்லை. சொல்லவேண்டிய இடத்தில் சொன்னார், அவ்வளவுதான்.

ஃபேன் போட்டால் போதும், ஜன்னலைத் திறந்தால் சரி என்பார்கள். சரியாகாது. புகையிலைப் புகையில் 7,000க்கு மேற்பட்ட இரசாயனங்கள் இருக்கின்றன, அவற்றில் 70 வரை புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. பக்கத்தில் இருந்து சுவாசிப்பதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. கர்ப்பிணிகளுக்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கும் ஆபத்தும் கூடுகிறது.

சரி, முறைப்பாட்டை எப்படிச் செய்வது? உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள், அல்லது உங்கள் பிரிவுப் பி.எச்.ஐ.யிடம் நேரே சொல்லுங்கள். பொலிஸாருக்கும் மதுவரி உத்தியோகத்தர்களுக்கும்கூட இந்தச் சட்டத்தின்கீழ் அதிகாரம் இருக்கிறது. இடத்தின் பெயர், பொறுப்பானவர் யார், என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் நேரம். "எப்பவும்" என்று எழுதினால் நாங்கள் காலை பத்து மணிக்குப் போய், சுத்தமான கடையைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். "வெள்ளிக்கிழமைகளில் இரவு ஏழு மணிக்குப் பிறகு, பின் அறையில்" என்று எழுதினால் அந்த நேரத்துக்கே போகலாம். புகைப்பவரின் முகத்தை வீடியோ எடுத்து பேஸ்புக்கில் போடாதீர்கள். வீண் பகை வரும், கடைக்காரரும் உஷாராகிவிடுவார்.

கல்லடிக் கடற்கரையில் புகைக்கிறார்கள் என்றும் முறைப்பாடு வருகிறது. இந்தத் தடை மூடப்பட்ட இடங்களுக்குத்தான். திறந்த வெளியில் காற்று உங்கள் பக்கம் வந்தால், "தம்பி, பிள்ளைகள் இருக்காங்க, கொஞ்சம் அங்கால போங்க" என்று தன்மையாகக் கேட்பதுதான் வழி. அநேகமானோர் போய்விடுவார்கள்.

வேப் எனப்படும் இலத்திரனியல் சிகரெட் விஷயம் வேறு. புகையிலை கலந்த இலத்திரனியல் சிகரெட்டுகளைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் 2016 செப்டம்பர் ஒழுங்குவிதிகளால் தடை செய்யப்பட்டுவிட்டன. ஓர் ஆசிரியர் மாணவனின் புத்தகப் பையிலிருந்து எடுத்துக் கொண்டுவந்த வேப்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஹைலைட்டர் பேனை அளவு, அடியில் சார்ஜ் போடும் துளை, மூக்கருகே கொண்டுபோனால் மாம்பழ வாசம். வீட்டில் மேசையில் கிடந்தாலும் தாய்க்குத் தெரியவராது. "எங்க மனே வாங்கின?" என்று கேட்டேன். "கூட்டாளி தந்தவன் சேர்" என்றான். நிகோடின் வளரும் மூளையைப் பிடித்துக்கொள்ளும். அந்த மூளை இருபத்தைந்து வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அப்படிப் பிடிபட்ட பிள்ளையைக் குற்றவாளியாக்கி எனக்கு என்ன ஆகப்போகிறது? எனக்குத் தேவை விற்றவரின் விபரம். பிள்ளையிடம் வேப் கண்டால் அடிக்காதீர்கள். அடித்தால் எங்கே வாங்கினான் என்று சொல்லவே மாட்டான். மெதுவாகக் கேட்டு, கடையின் பெயரை எங்களிடம் கொண்டுவாருங்கள். பிள்ளைக்கோ வீட்டிலுள்ள பெரியவருக்கோ விடமுடியாமல் இருந்தால், நிறுத்துவதற்கான ஆலோசனைக்கு 1948 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.